வாப்பா பூசிய முன்சுவர்

செப்டெம்பர் 4, திங்கள்

இன்றிலிருந்து நடப்பதை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். என்னைப் பற்றியென்றாலும் அப்படித்தான்.

காரணம், வகுப்பில் நான் எழுதிய ‘எங்கள் பழமையான வீடு’ கட்டுரை. இருபதுக்குப் பத்தொன்பது புள்ளிகள். ரீச்சர் அதை முழு வகுப்புக்கும் வாசித்தார். “இந்த வீட்டின் கற்கள் ஒவ்வொரு மாலையும் என்னோடு பேசுகின்றன” என்று எழுதியிருந்தேன். “எங்கள் முன்சுவர் காயம்பட்ட ஒரு முகம்” என்றும் எழுதியிருந்தேன். வாசித்து முடித்ததும் ரீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் கற்கள் என்னோடு பேசுவதில்லை. பூட்டிக் கிடக்கும் மூன்று அறைகளில் வௌவால்கள்தான் பேசுகின்றன.

இதுவரை யாருக்கும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். எனக்கு இந்த வீட்டைப் பிடிக்காது.

நூற்றைம்பது வருடத்துக்கு மேற்பட்ட வெள்ளைக்கல் வீடு. சுவர் இரண்டடித் தடிப்பு. வாப்பாவின் வாப்பா அப்துல் காதருக்கும் முந்தியவர்கள் கட்டியது. தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குள், யாழ்ப்பாணத்து முஸ்லிம்களான எங்கள் ஆட்கள் எல்லோரையும் இயக்கம் இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது வாப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தபோது கூரையும் கதவுகளும் இல்லை, சுவர்கள் மட்டும் நின்றனவாம். எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது நாங்கள் எல்லோரும் புத்தளத்திலிருந்து வந்தோம். கூரைக்குத் தகரம் போட்டு, மூன்று அறைகளைக் கதவு வைத்துப் பூட்டிவிட்டு, மீதிப் பாதி வீட்டுக்குள் இருக்கிறோம். மழை நாளில் கழிவறைக்குப் போவதென்றால் குடை பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

இப்போது வீட்டை விற்கப் போகிறோம். வாப்பாவின் அக்கா ஜலீலா மாமி உட்பட நான்கு சகோதரங்களும் சம்மதித்துக் கையெழுத்து வைத்துவிட்டார்கள். எங்கள் பங்கில் ஒரு சின்ன வீடு வாங்கலாம். நவம்பர் முடிவதற்குள் விற்காவிட்டால் வாப்பா தையல் கடையை மூடிவிட்டுக் கட்டாருக்கு வேலைக்குப் போவார். கடவுச்சீட்டை வாங்கி வைத்திருக்கும் ஏஜென்சிக்காரர் அதுவரை தவணை கொடுத்திருக்கிறார்.

செப்டெம்பர் 5, செவ்வாய்

வாப்பா என் கட்டுரையை வாசித்துவிட்டார். அதைச் சட்டம் போட்டுக் கடையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறார். அளவு கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் வாசிக்க வேண்டியிருக்கிறது.

செப்டெம்பர் 16, சனி

வீடு பார்க்க இதுவரை ஆறு பேர் வந்து போனார்கள். ஐந்து பேர் நிலத்தைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் வீட்டைப் பார்த்தார்.

அவர் பெயர் ஜெயசுதன். வல்வெட்டித்துறை ஆள், கொழும்பில் கட்டட வரைபடம் செய்கிறார். தாயோடு யாழ்ப்பாணத்துக்கே வந்துவிடப் போகிறாராம். வாசலுக்குள் வந்ததும் நேரே முன்சுவருக்குப் போனார். முன்சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். சுவரில் சண்டைக் காலத்தில் துவக்குச்சூடு பட்ட குழிகள் இருக்கின்றன. ஒன்றுக்குள் விரலை விட்டும் பார்த்தார். தங்கை றிஸ்னா எனக்குப் பின்னால் நின்று, “இந்த மாமாவுக்கு என்ன?” என்று கேட்டாள்.

போகும்போது, “அண்ணை, கூரையையும் காணி உறுதிப் பத்திரத்தையும் ஒழுங்குபடுத்தி வையுங்கோ. அடுத்த மாசம் நிலம் அளக்கச் சேவையரோடை வாறன்” என்றார்.

வாப்பா வாசல்வரை போய், “அதுக்கிடையிலை நீங்கள் பாத்தாலும் அடையாளம் தெரியாத மாதிரிச் செய்து வைப்பன் தம்பி” என்றார். அவர் சிரித்துக்கொண்டு போனார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும்.

செப்டெம்பர் 20, புதன்

வேலை தொடங்கிவிட்டது. மேசன் தில்லைநாதன் அரியாலையிலிருந்து சைக்கிளில் வருகிறார். கூடவே இரண்டு பேர். பூட்டிய அறைகளைத் திறந்து வௌவால் எச்சத்தை உரப்பைகளில் அள்ளினார்கள். இருபத்தொரு பை. உம்மா மூக்கைக் கட்டிக்கொண்டு, “இதை விலையிலை சேக்கேலாதோ? தோட்டக்காரர் காசு குடுத்து வாங்குறவையெல்லே” என்றார்.

தூசியில் என் கண்கள் இரவெல்லாம் எரிகின்றன.

ஒக்டோபர் 1, ஞாயிறு

முன்பக்கக் கூரை முடிந்தது. பழைய பீலி ஓடு கிடைத்த இடங்களிலெல்லாம் வாங்கிப் போட்டார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும், வடிவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பிடிக்கவில்லை. ஒரு பொருள் வடிவாக இருந்தும் பிடிக்காமல் போகலாம் என்று இன்று கண்டுபிடித்தேன்.

ஒக்டோபர் 9, திங்கள்

பாடசாலையால் வந்தபோது வாசலில் சீமெந்துப் பைகள் அடுக்கியிருந்தன. வாப்பாவும் தில்லைநாதனும் வாக்குவாதப்பட்டுக்கொண்டு நின்றார்கள்.

“பாயிஸ், சொல்லுறதைக் கேளும். உது வேர்க்கிற சுவர். உதுக்குச் சுண்ணாம்புதான் சரி. சீமெந்தைப் பூசுறது வெயிலுக்கை நைலோன் சட்டை போட்டுவிடுற மாதிரி.”

“அண்ணை, நான் தையல்காரன். கிழிசல் தெரியிற சட்டையை நான் ஒருநாளும் ஒருதருக்கும் மடிச்சுக் குடுத்ததில்லை. பதினேழு ஓட்டையோடை ஒரு வீட்டை எப்பிடிக் கையளிக்கிறது?”

“வாங்கிறவர் அடைக்கச் சொன்னவரோ?”

“சொல்லித்தான் செய்யவேணுமோ?”

தில்லைநாதன் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினார். “உம்மடை சுவர், உம்மடை சீமெந்து. பிறகு என்னை ஏசக்கூடாது, சொல்லிப்போட்டன்.”

எனக்குள் ஒரு சந்தேகம் எழுந்தது. அன்றைக்கு அந்த ஜெயசுதன் மாமா ஓட்டைக்குள் விரலை விட்டது அருவருப்போடு அல்ல. எனக்குத் தெரியும், பார்த்தேன். அதை வாப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பார் என்று நினைத்தேன். இல்லை, அதுவும் முழு உண்மை இல்லை. வாப்பா அந்தச் சீமெந்துப் பையைத் தட்டிக்கொண்டு நின்ற சந்தோசத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

ஒக்டோபர் 15, ஞாயிறு

பூசி முடித்து நிறமும் அடித்தாகிவிட்டது. தோடம்பழ நிறம், பளிச்சென்ற செம்மஞ்சள். சுற்றிவரப் பச்சைக் கரை. பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டு, “கல்யாண வீடு மாதிரி இருக்கு” என்கிறார்கள். வாப்பா பின்னேரம் தெருவின் மறுகரையில் கதிரை போட்டு இருந்து பார்த்தார்.

ஒக்டோபர் 21, சனி

ஜெயசுதன் மாமா வந்தார்.

காரைவிட்டு இறங்கினார். பார்த்தார். திரும்பிக் காருக்குள் போய் இருந்துவிட்டார். கதவுகூடச் சாத்தவில்லை. சேவையர் அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றார்.

வாப்பா கிட்டப் போய், “என்ன தம்பி, சுகமில்லையோ?” என்றார்.

“அண்ணை, அந்தக் கல்லு எங்கை?”

“உள்ளுக்கைதான் இருக்கு. பத்திரமா.”

“நான் அந்தக் கல்லுக்காகத்தானே வந்தனான்.”

உம்மா தேசிக்காய்த் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் மரியாதைக்கு ஒரு வாய் குடித்தார். “அம்மாவோடை கதைச்சுப்போட்டுச் சொல்லுறன்” என்றார். சேவையர் ஒரு மூலையையும் அளக்காமல் போனார்.

உம்மா வெறும் தட்டைப் பிடித்தபடி சொன்னார்: “அளவெடுக்காமல் தைச்சுப்போட்டீங்கள்.”

சொல்லும்போது உம்மா சிரிக்கவில்லை.

ஒக்டோபர் 26, வியாழன்

ஜெயசுதன் மாமாவின் போன் அடிக்கிறது, எடுக்கிறார் இல்லை. ஐந்து நாட்கள்.

ஒக்டோபர் 28, சனி

வாப்பா ஸ்ரூடியோவுக்குப் போய்க் ஏஜென்சிக்குக் கொடுக்கக் கடவுச்சீட்டு அளவில் படம் எடுத்து வந்தார். படத்தில் வாப்பாவுக்கு என்னையே தெரியாத மாதிரி இருக்கிறது. றிஸ்னா, “கட்டாரிலை சிரிக்க விடமாட்டினமோ?” என்று கேட்டாள். உம்மா எழும்பிக் குசினிக்குப் போய்விட்டார்.

ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை? ஒரு வசனம்தானே. வாப்பா, அவர் கல்லைத்தான் பாத்தவர். இவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்தொன்பது புள்ளிக்குப் பொய் எழுத மட்டும் கை வந்தது.

ஒக்டோபர் 30, திங்கள்

தொண்ணூறில் எங்கள் ஆட்கள் ஊரைவிட்டு நடந்த நாள். ஒவ்வொரு வருடமும் இந்தத் தேதியில் வாப்பா கடை திறப்பதில்லை. இந்த வருடம் திறந்திருக்கிறார். கட்டாருக்குப் போவதற்குள் எடுத்த துணிகளையெல்லாம் தைத்துக் கொடுக்க வேண்டுமாம்.

பாடசாலை விட்டதும் நேரே கடைக்குப் போனேன். வேறு யாரும் இல்லை. வாப்பா ஒரு காற்சட்டையின் இடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குப் பக்கத்தில் என் கட்டுரை. நேற்றே யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோய், வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

“வாப்பா, அந்தக் கட்டுரை பொய்.”

“என்ன பொய்?”

“எல்லாம். எனக்கு அந்த வீட்டைப் பிடிக்காது. ஒருநாளும் பிடிச்சதில்லை.”

வாப்பாவின் கை நின்றது. “கல்லுகள் கதைக்கிறதெண்டு எழுதினியே.”

“புள்ளி வருமெண்டு எழுதினனான்.”

“அப்ப நீ இரவிலை அழுறது?”

“ஆர் அழுதது?”

“கண்ணைக் கசக்கிக் கசக்கிப் படுக்கிறாய் எண்டு உன்ரை உம்மா சொன்னா. பிள்ளை வீட்டைப் பிரியமாட்டாமல் அழுகுது எண்டு நாங்கள் ரெண்டு பேரும்...”

“அது வௌவால் எச்சத் தூசி வாப்பா.”

வாப்பா என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து தையலை இரண்டு மூன்று இழை பிரித்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

அதன்பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“எனக்கும் பிடிக்காது மகள்.”

எனக்கு நம்ப முடியவில்லை.

“புத்தளத்திலை இருபது வருசம், விடிஞ்சா பொழுதுபட்டா அந்த வீடு, அந்த வீடு எண்டு எல்லாரும் கதைச்சவை. நானும் கதைச்சனான். வந்து பாத்தால் நாலு சுவர் நிக்குது. ஆரோ ஒருத்தரின்ரை வீடு மாதிரித்தான் இருந்தது. உன்ரை ஜலீலா மாமியிட்டைச் சொல்லேலுமோ? கொலை விழும். சரி, பிள்ளைக்காவது பிடிச்சிருக்கு எண்டு இருந்தன். நீ காயம்பட்ட முகம் எண்டு எழுதினாய். பிள்ளை ஆசைப்பட்ட வீடு, குடுக்க முந்தி முகத்தையாவது ஆத்திக் குடுப்பம் எண்டு...”

அப்படியென்றால் அந்தச் சீமெந்து எனக்காகப் பூசியது. என் பொய்க்காக.

“நான்தான் கெடுத்தனான் வாப்பா.”

“நீ எழுதினாய், நான் பூசினன். ரெண்டு பேரும் மற்ற ஆளைக் கேக்கேல்லை.” காற்சட்டையைத் தூக்கிக் காட்டினார். “இதுவும் பிழையாத் தைச்சதுதான். என்ன செய்யிறன் பார். பிரிக்கிறன்.”

கட்டுரையைச் சட்டத்திலிருந்து கழற்றி என்னிடம் தந்தார். சட்டத்தை வைத்துக்கொண்டார். நல்ல சட்டமாம்.

நவம்பர் 4, சனி

வாப்பாவே உளியும் சுத்தியலுமாக முன்சுவரில் ஏறிவிட்டார். தில்லைநாதன் சைக்கிளைச் சாத்திவிட்டுக் கைகட்டிக்கொண்டு பார்த்தார்.

“என்ன, நைலோன் சட்டையைக் கழட்டுறீரோ?”

“ஏசுறதெண்டால் ஏசுங்கோ அண்ணை. ஆனால் ஏசிக்கொண்டே மேலை வாங்கோ.”

“உப்பிடி உளியை நேர பிடிச்சால் கல்லும் சேர்ந்து வரும். சரிச்சுப் பிடியும். ஊசி குத்துறீர் எண்டு நினையும்.”

தண்ணீர் அடித்து ஊறவிட்டுச் சாய்வாகத் தட்டினால் சீமெந்து தகடு தகடாக வருகிறது. பூசி மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்குள்ளேயே பல இடங்களில் சுவரைவிட்டுப் பொருமி நிற்கிறது. தட்டினால் பறைபோலச் சத்தம். “பாத்தீரே, சுவரும் இதைத் தள்ளத்தான் பாத்திருக்கு” என்றார் தில்லைநாதன்.

நானும் உம்மாவும் விழுந்ததை அள்ளினோம். தோடம்பழ நிறத் தலைமயிரோடு நான்கு பேரும் மத்தியானச் சோறு சாப்பிட்டோம்.

நவம்பர் 8, புதன்

இரண்டு நாட்கள் மழை. வேலை இல்லை. நவம்பரில் இன்னும் இருபத்திரண்டு நாட்கள்.

நவம்பர் 12, ஞாயிறு

முடிந்தது. பதினேழு குழிகளும் திரும்பி வந்துவிட்டன. றிஸ்னா எட்டக்கூடிய ஒவ்வொன்றிலும் விரலை விட்டுப் பார்த்தாள். “இது எப்ப வாப்பா வந்தது?” என்று கேட்டாள்.

“எனக்குத் தெரியாது. நாங்கள் போனபிறகு நடந்தது. நான் இல்லை இஞ்சை.”

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நானும் அதற்குமேல் ஒன்றும் சேர்த்து எழுதப் போவதில்லை.

உளி ஆழமாகப் பட்ட இடங்கள் ஆறு ஏழு இருக்கின்றன. அதெல்லாம் வாப்பா தட்டியவை. தில்லைநாதன் சுண்ணாம்பு கொண்டு மூட்டுகளை மட்டும் அடைத்தார். காயத்தைத் தொடவில்லை.

நவம்பர் 13, திங்கள்

வாப்பா சொல்லச் சொல்ல உம்மாவின் போனில் நான் எழுதினேன்.

“தம்பி ஜெயசுதன், உங்களைக் கேக்காமல் பூசினது என்ரை பிழை. கழட்டிப்போட்டன். கல்லிலை என்ரை உளி பட்ட அடையாளம் சில இடத்திலை இருக்கு. பாக்க விருப்பமெண்டால் வாங்கோ. இல்லாட்டி உங்களிலை எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. பாயிஸ்.”

“மாலை வெயிலில் கற்கள் பொன்னாகத் தெரிகின்றன என்றும் போடட்டே?” என்று கேட்டேன்.

“உதுக்குப் புள்ளி இல்லை மகள். அனுப்பு.”

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. “சனி வாறன் அண்ணை. அம்மாவும் வருவா.”

நவம்பர் 18, சனி

ஜெயசுதன் மாமா சுவருக்கு முன்னால் நின்றார். இந்தமுறை காருக்குள் போகவில்லை. அவருடைய அம்மா மீனாம்பிகை, “மோனை, நீ கல்லைப் பார். நான் குசினியைப் பாக்கிறன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். குசினிப் புகை எங்கே போகும், கிணற்றுத் தண்ணீர் சவரா நல்லதா, எந்தக் கதவு இறுகும் என்று உம்மாவிடம் விசாரித்தார். தண்ணீரை அள்ளிக் கொப்பளித்தே பார்த்தார். “கொஞ்சம் உவர். பருப்பு அவியச் சுணங்கும்.” உம்மா, “ஓம், சுணங்கும்தான்” என்றார்.

பின்னறையில் அலுமாரிக்குப் பின்னால் சுவரில் ஒரு நீண்ட வெடிப்பு இருக்கிறது. அந்த அலுமாரியை நாங்கள் அங்கே நகர்த்தியது செப்டெம்பரில். ஏன் நகர்த்தினோம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஜெயசுதன் மாமா அந்த அறைக்குள் வந்தார். நான் வாப்பாவைப் பார்த்தேன். வாப்பா என்னைப் பார்த்தார்.

“தம்பி, ஒருக்கால் பிடியுங்கோ” என்று அலுமாரியின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். இருவருமாக நகர்த்தினார்கள். வெடிப்பு என் உயரத்துக்கு இருந்தது.

ஜெயசுதன் மாமா கையடக்க விளக்கை அடித்து மேலிருந்து கீழாகப் பார்த்தார். நீண்ட நேரம். “அத்திவாரம் இறங்கேல்லை. பழைய வெடிப்பு. தைக்கலாம்” என்றார்.

“தைக்கிறதோ?”

“ஓம் அண்ணை. சுவரையும் தைக்கிறதுதான். நாங்கள் அப்பிடித்தான் சொல்லுறது.”

வாப்பாவுக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. என்ன நூல், எத்தனை அங்குலத்துக்கு ஒன்று என்று கேட்டார். இருவரும் சுவருக்கு முன்னால் குந்தியிருந்து அரைமணித்தியாலம் கதைத்தார்கள். வீடு விற்கிற விசயத்தை மறந்தே போனார்கள். மீனாம்பிகை அம்மா வந்து, “சேவையர் வெயிலுக்கை நிக்கிறார். எடுக்கிறதெண்டால் எடு, இல்லாட்டி அந்தாளை வீட்டை அனுப்பு” என்றார்.

“எடுக்கிறன் அம்மா.”

இரண்டு சொற்கள்தான். உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வாப்பா சத்தமில்லாமல் அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னது உதட்டில் தெரிந்தது.

நவம்பர் 24, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து வாப்பா ஏஜென்சிக்குப் போய்க் கடவுச்சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தார். படங்கள் நான்கு மிஞ்சின. றிஸ்னா ஒன்றுக்குப் பேனையால் சிரிப்பு வரைந்துவிட்டாள்.

டிசெம்பர் 7, வியாழன்

நொத்தாரிசின் அறையில் விற்பனை உறுதிப் பத்திரத்தை வாசித்தார்கள். எல்லைகளை வாசிக்கும்போது, வடக்கே இன்னார், கிழக்கே வழி என்று, ஒவ்வொன்றுக்கும் வாப்பா தலையாட்டினார். பிறகு பேனையை வாங்கித் தடங்கலில்லாமல் கையெழுத்து வைத்தார். வெளியே வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

இரவு ஜலீலா மாமி புத்தளத்திலிருந்து போன் எடுத்தார். வாப்பா போனை ஸ்பீக்கரில் போட்டார். மாமி கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினார். “வித்தாச்சோ?”

“ஓம் றாத்தா.”

“அந்தப் பின்னறையிலை எனக்குச் சின்னனிலை சரியான பயம்” என்றார் மாமி. “ஒருநாளும் ஒருதருக்கும் சொன்னதில்லை.”

வாப்பா என்னைப் பார்த்தார். நான் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தேன்.

டிசெம்பர் 10, ஞாயிறு

புது வீட்டுக்கு வந்துவிட்டோம். இரண்டு அறை, ஒரு விறாந்தை. பாடசாலைக்கு ஏழு நிமிட நடை. குளியலறை வீட்டுக்குள்ளேயே. உம்மா குழாயைத் திறந்து, மூடி, திறந்து பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு ஒருமணித்தியாலம் வெளியே வரவில்லை. நாங்கள் யாரும் தட்டவில்லை.

டிசெம்பர் 22, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை. நல்ல நாள்.

ஜனவரி 9, செவ்வாய்

கடை பூட்டியதும் வாப்பாவின் மோட்டார் சைக்கிளில் வந்தேன். மற்றத் தெருவில் குழாய் போட வெட்டியிருந்தபடியால் பழைய வீட்டுப் பக்கமாக வரவேண்டி வந்தது. விற்றபிறகு அந்தப் பக்கம் போனது இன்றைக்குத்தான்.

யன்னல்களில் மஞ்சள் வெளிச்சம். முன்சுவரின் குழிகளெல்லாம் அதில் நிழலாகத் தெரிந்தன. உள்ளே மீனாம்பிகை அம்மா யாருக்கோ உரத்து ஏதோ சொல்வது கேட்டது. பருப்பைப் பற்றி என்று நினைக்கிறேன்.

வாப்பா வேகத்தைக் குறைக்கவில்லை. யாரோ ஒரு மாப்பிள்ளையின் கோட்டுக்கு ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்வு, அதைத் தெரியாமல் எப்படி வெட்டுவது என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் மட்டும் திரும்பிப் பார்த்தேன். முன்னறையில் விளக்கு அணைந்தது. பிறகு விறாந்தையில். அவற்றை அணைக்கிற வேலை இனி எங்களுடையது இல்லை.